கொண்டுவந்து சேர்த்தவன்

பூந்தமல்லி கோர்ட்டு வராந்தாவில் காலையிலேயே பாடம் தொடங்கிவிட்டது. விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவன், ஆட்டோவில் ஆளை அடைத்து ஏற்றியவன், சந்தேகத்தின் பேரில் பஸ் ஸ்டாண்டில் பிடித்து வந்த இரண்டு பேர் என்று எல்லோரையும் சுவரோரம் உட்காரவைத்து, கோர்ட்டு ஏட்டு வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "ஐயா இன்னா கேட்டாலும் ஆமாங்கய்யான்னு சொல்லு. ஃபைன் கட்டு, ஊட்டுக்குப் போ. வேற பேச்சு பேசினா வாய்தா வாய்தான்னு நாயா அலைவ." செய்தவனும் தலையாட்டினான், செய்யாதவனும் தலையாட்டினான். தூணோரம் நின்றிருந்த வேம்புலி மூக்கைப் பொத்திக்கொண்டான். கக்கூஸ் நாற்றம் பாதி, இந்தத் தலையாட்டல் பாதி.

வேம்புலி மேனாம்பேட்டுக்காரன். கஜபதி என்பவரின் டெம்போ வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலப்பன்சாவடி தாண்டி, அவன் கண்ணெதிரே ஒரு லாரி சைக்கிளில் போனவரைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. டீக்கடையில் நின்றவர்கள் கிளாசைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போலீஸ் கேசுபா, கை வெக்காத" என்று அங்கிருந்தே புத்தி சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. ரத்தத்தில் கிடந்தவரைத் தனியாளாய்த் தூக்கி வேனில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தான். யார் கொண்டுவந்தது என்று அங்கே கேட்டார்கள். நல்ல காரியம் செய்த மிதப்பு தலைக்கேறியிருந்ததா, பேரோடு விட்டிருக்கலாம், வண்டி நம்பர், ஓனர் பேர் என்று கேட்காததையெல்லாம் ஒப்பித்துவிட்டு வந்தான்.

மறுநாள் சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். வேகமாகவும் கவனமில்லாமலும் வண்டியை ஓட்டி, சைக்கிளில் போன அந்தத் திருவேற்காடு துலுக்கானத்தின் காலை முறித்ததாக அவன் மேல் கேஸ். அவர்கள் எழுதியதில் லாரி என்ற ஒன்று அந்தச் சாலையில் ஓடவே இல்லை. நடந்ததை மூன்று தரம் சொல்லிப் பார்த்தான். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "உனக்கு இன்னா வந்துச்சு, நீ எதுக்குத் தூக்கின?" என்று கேட்டார்.

கஜபதிக்கு ஒரு கவலையும் இல்லை. "வண்டிக்கு இன்சூரன்ஸ் கீது. நஷ்டஈட்ட கம்பெனிக்காரன் குடுத்துக்குவான். வக்கீல் ரகுநாதன் நம்ம ஆளு, அவர்ட்ட சொல்லிக்கீறேன். ஒத்துகினு வந்துடு நைனா." ஒத்துக்கொண்டால் போவது என்னவென்று வேம்புலிக்கு மட்டும்தான் தெரியும். கவர்மெண்ட் பஸ் டிரைவர் வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. ஆளை இடித்தவன் என்று கோர்ட்டே முத்திரை குத்திவிட்டால் எவன் கையில் பஸ்ஸைக் கொடுப்பான்? எட்டு வருஷமாகக் காத்திருந்த வேலை.

தன் பக்கம் ஒன்றே ஒன்று இருப்பதாக அவன் நம்பினான். ஸ்டேஷன் வாசலில் பிரேக் இன்ஸ்பெக்டர் வேனைச் சோதித்தபோது அவனும் நின்றிருந்தான். அவர் குனிந்து முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "ஒரு கீறல்கூட இல்லையே" என்று வாய்விட்டே சொன்னார். சைக்கிளோ அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. அதைச் சொல்லத்தான் இன்று காலை, கோர்ட்டுக்கு வருமுன், ரகுநாதனின் அறைக்குப் போனான். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து குரல் கேட்டது.

"அவன் மட்டும் ஒத்துக்கிட்டான்னா நம்ம நஷ்டஈட்டு கேஸ் பாதி ஜெயிச்ச மாதிரிம்மா."

எட்டிப் பார்த்தான். துலுக்கானத்தின் மனைவி பூங்காவனம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இவனுக்காகப் பேச வந்த வக்கீல்தான் அவளுக்கும் வக்கீல். ஒரே ஆள் இரண்டு இலையில் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நினைத்தான். ரகுநாதன் இவனைப் பார்த்துக் கூச்சப்படவுமில்லை. "வா வேம்புலி. அஞ்சு நிமிஷ வேலை, முடிச்சிடலாம்" என்றார். வேம்புலி செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டான்.

கோர்ட்டு டவாலி அவன் பேரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறி நின்றான். அவனுக்கு முன்னால் வரிசையாக ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா என்று போய்க்கொண்டிருந்ததால், மாஜிஸ்திரேட் எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமலே குற்றத்தை வாசித்து, "ஒத்துக்கிறியா?" என்றார்.

"இல்லீங்கய்யா."

பேனா நின்றது. ரகுநாதன் பாதி எழுந்து, "தெரியாம சொல்றான் யுவர் ஆனர்" என்றார்.

"தெரிஞ்சுதான் சொல்றேங்கய்யா. இடிச்சது லாரி. நான் தூக்கிகினு போனவன். எனக்கு இந்த வக்கீல் வாணாம். வேன்ல கீறல் கீதான்னு பிரேக் இன்ஸ்பெக்டரக் கூப்ட்டுக் கேளுங்க."

மாஜிஸ்திரேட் அவனைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். சாட்சிகளை விசாரிக்கலாம் என்று அடுத்த மாதத்துக்கு ஒரு தேதி போட்டார். வாசலில் ஏட்டு, "நல்லா அலை" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

படிக்கட்டில் துலுக்கானம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கக்கத்துக்கட்டை. பூங்காவனம் இவன் வழியை மறித்து நின்றாள்.

"ஒத்துகினா இன்னா கொறைஞ்சிடும் உனுக்கு?"

"செய்யாதத எப்டிம்மா ஒத்துக்கறது?"

"அந்த லாரிக்காரன எங்கன்னு போயித் தேடுவேன் நானு? நீதான் கெடச்ச." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபமே இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்க்க வெளியே போனாள்.

அவளை வைதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இடித்தவன் எங்கோ சரக்கு ஏற்றிக்கொண்டிருப்பான், இங்கே தூக்கியவனும் விழுந்தவனும் ஒருவரையொருவர் பிய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க எல்லோர் மேலும் அருவருப்பு வந்தது. துலுக்கானத்தைப் பார்த்து, அன்றைக்கே விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றிய தன் மேலும் வந்தது.

"நீ இல்லாங்காட்டி அன்னிக்கே போயிருப்பேன்" என்றார் துலுக்கானம், தரையைப் பார்த்தபடி. "தெரியும் எனக்கு. ஆனா அடுத்த வாய்தாவுல உன்னத்தான் கை காட்டுவேன். மூணு பொட்டப் புள்ள கீதுபா. மனசுல வெச்சுக்காத."

வெளியே பஸ் ஹாரன் கேட்டது. பூங்காவனம் அங்கிருந்து கூப்பிட்டாள். துலுக்கானம் கட்டையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, கேட்காமல், நிமிராமல், வேம்புலியின் பக்கமாக வலது கையை மேலே நீட்டினார்.

வேம்புலி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.