பொக்கு

திரையில் தெரிந்ததைப் பார்த்ததும் அத்தை என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "பாரம்மிணி, எப்படிக் கெட்டியா முத்தியிருக்குது! துளி எடமில்லாம நெறஞ்சிருக்குது." சந்துரு போன பிறகு அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

சந்துரு என் கணவர். அத்தைக்கு ஒரே மகன். வாளையார் சாலையில் லாரி மோதி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பே பாலக்காட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் எங்களுக்கு உருவான கருக்களில் ஒன்றே ஒன்று தேறியது. அதை உறைய வைத்திருந்தார்கள். தனக்கு ஏதேனும் ஆனாலும் நான் அதைச் சுமக்கலாம் என்று அவர் அப்போதே சம்மதித்திருந்தார். அன்று காலை அதை வெளியே எடுத்திருந்தார்கள். மதியத்துக்குள் அது விரிந்தால் என் வயிற்றில் வைப்பார்கள். விரியாவிட்டால் வெறுங்கையோடு எங்கள் ஊர் எலப்புள்ளிக்கு பஸ் ஏற வேண்டியதுதான். விரிவது என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது.

ஆய்வகக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் எங்களுக்கென்று ஒரு திரை. அதில் ஜவ்வரிசி போல ஒரு உருண்டை. வெகுநேரம் அசைவில்லை. பிறகு நடுவில் ஒரு மெல்லிய பிளவு விழுந்தது. பிளவு குழியாயிற்று. குழி பெரிதாயிற்று. அத்தையின் பிடி தளர்ந்தது.

"உள்ள காலியாகுதே அம்மிணி. பொக்கு."

ஒவ்வொரு போகத்துக்கும் விதைநெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டி, மிதக்கிற பொக்கை வழித்து வரப்பில் வீசுகிறவர் அவர். கையில் எடுத்தாலே உள்ளே அரிசி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னபின் நான் என்ன நம்புவது?

அப்போதுதான் ஆய்வகத்து ஆர்த்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள். தேவிகுளம் எஸ்டேட் பெண். "வந்துருச்சு! பாத்தீங்களாம்மா, எவ்வளவு அழகா விரிஞ்சு வந்துருச்சு!"

அத்தைக்குக் கோபம் பொங்கியது. "ஏனுங் கண்ணு, பொக்காப் போனதுக்கா இந்தக் குதி குதிக்கறீங்?"

"ஐயோ, காலியில்லம்மா, அது தண்ணி. உசிரு இருந்தாத்தான் உள்ள தண்ணிய இழுக்கும்." ஆர்த்தி திரையில் விரல் வைத்தாள். "இந்த ஓரத்துல கொத்தா ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அதுல இருந்துதான் புள்ள. சுத்தி வெளிச்சுவரு மாதிரி இருக்கது நஞ்சுக்கொடியாயிரும்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை நெருங்கினார். "நீ புள்ளையாகு, நீ நஞ்சாகுன்னு அதுகளுக்கு ஆரு சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. வெளிச்சுவத்துல மாட்டுன செல்லுக்கு ஒரு பக்கம் ஆளில்ல. உள்ள இருக்கதுக்குச் சுத்திலும் ஆளு. அத வச்சே தெரிஞ்சுக்கிரும். அப்புறம் இந்தக் கொத்துக்குள்ளயும் ஒரு பேச்சு நடக்கும். கொஞ்சம் செல்லு சேதி அனுப்பும், பக்கத்துல உள்ளது வாங்கும். அனுப்புனது புள்ளையாவும். வாங்குனது அந்தப் புள்ளைக்குச் சோறூட்டுற பையாவும்."

அத்தை யோசித்தார். "அப்ப எங்க ஊடு மாதிரிதானுங். சந்துரு பேசிட்டே கெடப்பான். நாங்க ரெண்டு பேரும் கேட்டுட்டே சோறு போட்டுட்டு இருப்போம்."

ஆர்த்தி வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் கேட்கிறவர்கள் மட்டுமே மிச்சம் இருந்தோம்.

"டாக்டரக் கூப்புடுறேன், ரெடியாகுங்க" என்று ஆர்த்தி உள்ளே ஓடினாள். திரையில் குழி இன்னும் அகன்றுகொண்டிருந்தது. ஓரத்துக் கொத்து இறுகி, தெளிந்து, தனியாகத் தெரிந்தது.

கதவைத் திறந்து நர்ஸ் என் பெயரைச் சொல்லி அழைத்தாள். நான் எழுந்தேன்.

அத்தை திரும்பவில்லை. சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, திரையில் காதை வைத்துக் குனிந்திருந்தார். சத்தம் போடாதே என்பதுபோல் நர்ஸை நோக்கி ஒரு கையை உயர்த்தியிருந்தார்.