இறந்தகாலப் பாடம்

வெளிநாட்டு மொழி ஒன்றைப் படிக்கப் போவதாக அவள் சொன்னபோது, அவளுடைய கணவர் வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "படி, படி. சாவியைப் பார்த்தியா?" என்றார். வீட்டில் அதற்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

அவள் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தாள். பிரேமில் லென்ஸைப் பொருத்துவது, தளர்ந்த காதுப்பிடியைச் சூடுகாட்டி வளைப்பது, முகத்துக்குப் பொருந்தாததைப் பொருந்தவில்லை என்று நோகாமல் சொல்வது, இதெல்லாம் அவள் வேலை. ஒருநாள் சுற்றுலா வந்த ஒரு வயதான அம்மாள், உடைந்த கண்ணாடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கடைக்குள் வந்தாள். கண்ணாடி இல்லாமல் வாசற்படியே அவளுக்குத் தெரியவில்லை. இவள் அந்த அம்மாளைக் கைபிடித்து உட்காரவைத்து, பழைய பிரேம் ஒன்றிலிருந்து காதுப்பிடியைக் கழற்றி, திருகாணி போட்டு மாட்டிவிட்டாள். அந்த அம்மாளுக்கு உலகம் திரும்பி வந்தது. இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண் கலங்க என்னென்னவோ பேசினாள். இவளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. "மேனோ மாலே, மேனோ மாலே" என்று திரும்பத் திரும்ப வந்த ஓசை மட்டும் காதில் தங்கிவிட்டது.

யாரோ ஆசையாகக் கொடுத்ததை வாங்கத் தெரியாமல் கீழே போட்டுவிட்டது போல அவளுக்கு இருந்தது.

அது எந்த மொழி என்பதே தெரியாது. பஸ்ஸில் போகும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மொழியாகக் கேட்டுப் பார்த்தாள். ஒன்று மூக்காலேயே பேசியது. ஒன்று சொல்லின் பாதியை விழுங்கியது. ஒன்று காதுக்கு இதமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த அம்மாளின் ஓசை இல்லை. கடைசியில் இத்தாலிய மொழி கிடைத்தது. எழுதியதை எழுதியபடியே படிக்கிறார்கள். அம்மாவில் வரும் அழுத்தம்போலச் சொல்லுக்குச் சொல் அழுத்தம். 'பஸ்ஸு', 'காரு' என்று நாம் இழுப்பது போலவே அவர்களும் சொல்லை உயிரெழுத்தில் முடிக்கிறார்கள். மூன்றாம் பாடத்திலேயே 'மேனோ மாலே' அகப்பட்டது. 'நல்லவேளை' என்று அர்த்தமாம். பஸ்ஸில் நின்றபடியே அவள் சிரித்துவிட்டாள்.

தேடியது கிடைத்தபின் விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை.

"ஜெர்மன் படிச்சா வேலை கிடைக்கும்மா" என்றார் கடை முதலாளி.

"வேலைதான் இங்கேயே இருக்கே சார்."

மாடிவீட்டு அண்ணி, "எனக்குத் தெரிஞ்ச ஒரே மொழியிலேயே நான் பேசுறதை யாரும் காதுல போட்டுக்கிறதில்லை. நீ இன்னொண்ணு கத்துக்கிட்டு என்னடி பண்ணப்போற?" என்று கேட்டாள்.

மாடிவீடு அவளுடைய அண்ணனுடையது. பூட்டு ரிப்பேர் செய்து சாவி வெட்டுகிறவர். கீழ்வீட்டில் இவளும் ரொட்டி வேன் ஓட்டும் இவள் கணவரும். பூட்டுக்காரரும் வேன்காரரும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்ட மச்சானும் மாப்பிள்ளையும். இப்போது ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அண்ணிக்கு வயிற்றில் கட்டி என்று பெரிய ஆபரேஷன் நடந்த நாளில் ஆரம்பித்தது அது. "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் மாப்பிள்ளை. பக்கத்துல உக்காந்திருந்தா போதும்" என்று பூட்டுக்காரர் கேட்டிருந்தார். வருகிறேன் என்றவர் வரவில்லை. இவள் மாடிவீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். பூட்டுக்காரர் ஆஸ்பத்திரி பெஞ்சில் தனியாகவே உட்கார்ந்திருந்தார். மறுநாள் வேன்காரர் வந்து, வண்டி ரிப்பேர் ஆகிவிட்டது என்றார். ஆனால் அந்த வண்டி ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறமே நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அத்தனை பக்கத்தில் ரொட்டி போட வந்தவருக்கு உள்ளே வர மனமில்லை என்று பூட்டுக்காரர் முடிவுகட்டினார். அண்ணி பிழைத்து எழுந்து வந்துவிட்டாள். பேச்சு எழவில்லை.

பேசவேண்டியதெல்லாம் இவள் வழியாகத்தான் போகும். எதிரே நிற்கும் ஆளைப் பார்க்காமல், "தண்ணித் தொட்டி வழியுது, மேல இருக்கிறவங்ககிட்ட சொல்லு" என்பார் ஒருவர். "வழியுறது எனக்கும் தெரியும்னு கீழ இருக்கிறவங்ககிட்ட சொல்லு" என்பார் மற்றவர். அண்ணியும் இவளும் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார்கள்.

பாடம் வளர்ந்தபோது இவளுக்கு ஒரு இடைஞ்சல் வந்தது. புத்தகம் முழுக்க உரையாடல். ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் பதில் சொல்ல வேண்டும். போனில் பேசுகிறவர்கள் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஓடினார்கள். மெதுவாக, மனிதக் குரலில் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. உரையாடல்களைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி, ஒரு தாளைக் கணவரிடமும் இன்னொன்றை அண்ணனிடமும் கொடுத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்க வேணாம். படிச்சா போதும். எனக்காக" என்றாள். அவளுக்கு அதற்குமேல் உள்நோக்கம் இருந்ததா என்று அண்ணி பின்னால் பலமுறை கேட்டிருக்கிறாள். இல்லை என்றுதான் இவள் இன்றுவரை சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கீழ்வீட்டு முன்னறையில், ஒருவர் ஜன்னலைப் பார்த்தும் ஒருவர் சுவரைப் பார்த்தும் உட்கார்ந்தார்கள்.

"ஸ்கூஸி, தோவே லா ஸ்தாட்ஸியோனே?" என்றார் வேன்காரர், ரொட்டித் தட்டைப் படாரென்று இறக்குவது மாதிரி.

"என்ன கேட்கிறாரு?" என்றார் பூட்டுக்காரர் தங்கையிடம்.

"மன்னிக்கணும், ஸ்டேஷன் எங்க இருக்குன்னு கேட்கிறாருண்ணா."

"மன்னிக்கணுமா? அப்படியா எழுதியிருக்கு?" பூட்டுக்காரர் ஒரு கணம் தாளையே பார்த்தார். பிறகு சாவியில் பல் வெட்டுகிற கவனத்தோடு எழுத்தெழுத்தாகப் படித்தார். "அ... ஸினிஸ்த்ரா."

"இடது பக்கம்" என்றாள் இவள்.

"க்ராட்ஸியே" என்று நன்றி சொன்னார் வேன்காரர். "ப்ரேகோ" என்று ஏற்றுக்கொண்டார் பூட்டுக்காரர். சமையலறைக் கதவருகே நின்றிருந்த அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறும் வந்தார்கள். தங்கைக்காக என்று ஒருவரும், பொண்டாட்டி தொல்லை தாங்காமல் என்று மற்றவரும் சொல்லிக்கொண்டார்கள். ஹோட்டலில் அறை கேட்டார்கள். ஒருவருக்கொருவர் தொப்பி விற்றார்கள். இருவரிடமும் இல்லாத பூனையைப் பற்றி நலம் விசாரித்தார்கள். ரொட்டிக்கு 'பானே' என்று பெயர் என்பது வேன்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "தினமும் ஒரு வண்டி பானை தூக்கிட்டுப் போறேன்" என்றார். சாவி 'கியாவே' என்றதும் பூட்டுக்காரர் அதைக் கடைப் பலகையில் எழுதலாமா என்று யோசித்தார்.

இவளுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். கணவர் எந்த எழுத்தில் தடுமாறுகிறார், அண்ணன் எங்கே மூச்சு விடுகிறார் என்று கேட்டுக் கேட்டு அவள் காது திறந்தது. ஒருநாள் போனில் ஓடிய செய்தியில் ஒரு வாக்கியம் முழுதாகப் புரிந்தது. கனமழையால் பாலம் மூடப்பட்டிருந்தது. அந்தப் பாலத்தைத் தானே மூடியது போல அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு காலை, படிக்கட்டில் இரு ஆண்களும் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள். வழக்கம்போல ஒருவர் செருப்பைப் பார்க்க, மற்றவர் மேற்கூரையைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் வேன்காரர், வாய் தவறியதுபோல, "புவோன் ஜோர்னோ" என்றார்.

பூட்டுக்காரர் இரண்டு படி இறங்கிப் போனார். நின்றார். "புவோன் ஜோர்னோ" என்றார், திரும்பாமலேயே.

அன்று முதல் காலை வணக்கம் நடந்தது. மழை வருகிறது, வெயில் அடிக்கிறது, பஸ் எங்கே என்பதெல்லாம் நடந்தது. அந்த மொழியில் அவர்களுக்குள் பகை எதுவும் இன்னும் ஏற்படவில்லை. பஸ்ஸும் ஸ்டேஷனும் பூனையும்தான் இருந்தன.

பிறகு இறந்தகாலம் வந்தது.

"இதுவரைக்கும் செய்றேன், போறேன்னுதான் சொன்னோம். இனிமே செஞ்சேன், போனேன்" என்று இவள் உற்சாகமாக விளக்கினாள். தாளில் சில வினைச்சொற்களை மட்டும் எழுதியிருந்தாள். சாப்பிட்டேன், வந்தேன், காத்திருந்தேன். அவற்றை வைத்துச் சொந்தமாக வாக்கியம் அமைக்க வேண்டும். வேன்காரர், "ரொட்டி சாப்பிட்டேன்" என்று சட்டென்று சொல்லி முடித்துவிட்டார்.

பூட்டுக்காரர் தாளில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். அப்புறம், "ஓ அஸ்பெத்தாத்தோ" என்றார்.

"காத்திருந்தேன்! சரியா சொல்லிட்டியேண்ணா! யாருக்காக?" என்று கேட்டாள் இவள். இன்னும் பாடத்திலேயே இருந்தாள்.

அவர் முதல்முறையாகச் சுவரை விட்டுவிட்டு வேன்காரரைப் பார்த்தார். "தே" என்றார். உன்னை. பிறகு மெதுவாக, ஒரு பிழையும் இல்லாமல், "நோன் ஸேய் வெனூத்தோ."

நீ வரவில்லை.

யாரும் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. தமிழில் இதையே அவர் நூறு விதமாகச் சொல்லியிருந்தார். நம்பிக்கைத் துரோகம், நன்றிகெட்டதனம், ஆளுக்கு ஏற்ற வேஷம் என்றெல்லாம். இந்த மொழியில் அவருக்கு அத்தனை சொல் தெரியாது. காத்திருந்தேன், நீ வரவில்லை. அவ்வளவுதான் தெரியும். அதைக் கேட்ட இவளுக்கு, அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த அண்ணனை அன்றுதான் பார்த்ததுபோல இருந்தது.

வேன்காரரின் முகம் வெளிறிவிட்டது. மனைவியிடம் தாழ்ந்த குரலில், "பயத்துக்கு என்ன வார்த்தை?" என்று கேட்டார்.

"பவூரா" என்றாள். அவள் குரலும் இறங்கியிருந்தது.

அவர் தாளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். "ஸோனோ வெனூத்தோ" என்றார். நான் வந்தேன். வாசலுக்குச் சொல் கிடைக்காமல், எதிரே இருந்த கதவைக் கைநீட்டிக் காட்டி, அங்கேயே நின்றுவிட்டேன் என்பது போல உள்ளங்கையைத் தூக்கினார். "ஓ அவூத்தோ பவூரா."

எனக்குப் பயமாக இருந்தது.

பூட்டுக்காரர் கையிலிருந்த தாள் நழுவி மடியில் விழுந்தது. "வாசல் வரைக்கும் வந்தீங்களா மாப்பிள்ளை?" என்றார், தமிழில்.

'மாப்பிள்ளை' என்ற சொல்லைக் கேட்டதும் வேன்காரர் உடைந்துபோனார். அப்புறம் தமிழிலேயே வந்தது எல்லாம். அவருடைய அம்மா அதே ஆஸ்பத்திரியில், அதே மாடியில்தான் செத்துப்போனாள். வெளியே வந்த டாக்டர் அவர் தோளில் கை வைத்தது இன்னும் உறைத்தது. வேனை எதிர்ப்புறம் நிறுத்திவிட்டு, இறங்குவதும் ஏறுவதுமாகச் சாயங்காலம்வரை அங்கேயே கிடந்திருக்கிறார்.

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கக்கூடாதா?"

"எப்படி மச்சான் சொல்றது? உங்க பொண்டாட்டி உள்ளே உயிருக்குப் போராடுது, எனக்குப் படியேற பயமா இருந்துச்சுன்னா? வண்டி ரிப்பேர்னு வாயில வந்துடுச்சு."

"எனக்கு மட்டும் தைரியமாவா இருந்துச்சு? அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் பூட்டுக்காரர். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவரிடம் மடியில் கிடந்த அந்தப் பாடத் தாளைத் தவிர வேறெதுவும் இல்லை.

கதவருகே நின்ற அண்ணி உள்ளே வந்தாள். "வயித்தைக் கிழிச்சது எனக்கு. பயந்தது நீங்க ரெண்டு பேரும். அதுக்கு ஆறு வருஷம் தூது போனது இவ. நல்லா இருக்கு உங்க நியாயம்" என்றாள். சொல்லிவிட்டு, நால்வருக்கும் டீ போடப் போனாள். போனவள் அடுப்பங்கரையில் கொஞ்சநேரம் சும்மா நின்றிருந்தாள் என்பது இவளுக்கு மட்டும் தெரியும்.

அன்றோடு பாடம் கெட்டது. மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆறு வருஷப் பேச்சு பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் வேன் கதவைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதன் பூட்டைப் பற்றி வாய் ஓயாமல் சண்டை போட்டார்கள். தாளை நீட்டினால், "இரும்மா, முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கோம்" என்றார்கள். இத்தாலிய மொழி முழுவதும் அவர்களிடமிருந்து ஒரே மாதத்தில் ஆவியாகிவிட்டது. பானேயும் கியாவேயும் மட்டும் மிச்சம்.

"அவங்களைச் சேர்த்துவச்சு என் வாசிப்புக்கு உலை வச்சுக்கிட்டேன் அண்ணி" என்று இவள் ஒருநாள் நொந்துகொண்டாள். எதிர்காலம் வரப்போகிறது, படிக்க ஆளில்லை.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தத் தாளை இப்படிக் குடு. ஆனா முதல்ல எனக்கு வேற ஒண்ணு வேணும்."

"என்ன அண்ணி?"

வாசலில், திருகாணியைத் தொலைத்துவிட்டு ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டிருந்த இரண்டு ஆண்களையும் அண்ணி கண்ணால் காட்டினாள். "கூறுகெட்டதுங்கன்னு எப்படிச் சொல்றது?"

புத்தகத்தில் அது இல்லை. அண்ணியும் இவளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, அகராதியை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார்கள்.