புளி போட்டுத் தேய்த்த ஊர்

டாபின்ஸ் கிரீக் ஊரின் வெண்கல மணிக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு நூற்றெழுபது வயது குறைந்தது. தேய்த்தவள் ராதா. மெல்பேர்னிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் வரும் ஊர். ஒரு காலத்தில் தங்கம் தோண்டினார்கள். அது தீர்ந்ததும் பழமையைக் காட்டிப் பிழைத்தார்கள். சாய்ந்த தபால் நிலையம், துருப்பிடித்த வாளிகள், பேய் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு பப், அவ்வளவுதான். சரித்திரத்தில் எம்.ஏ. முடித்த முப்பத்துநான்கு வயது ராதாவை எட்டு மாதம் எல்லோரும் லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை என்று திருப்பியனுப்ப, இந்த ஊர் மியூசியம்தான் ஆறு மாத புரபேஷனில் எடுத்தது. அதில் இன்னும் ஒரு வாரம் பாக்கி. நல்ல பெயர் எடுக்கலாமென்று மணியைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கை சும்மா இருக்குமா?

புளித்தண்ணீர் ஓடிய வழியெல்லாம் ஊர் புதிதானது. தபால் நிலையம் நிமிர்ந்து நின்றது. மதியத்துக்குள் தங்கச் சுரங்கத்திலிருந்து அந்தக் காலத்து ஆட்கள் நாற்பத்திரண்டு பேர் தாடியும் சேறுமாக ஏறி வந்து, சாப்பாடு எங்கே என்று கேட்டார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குக் கொடுப்பதுபோல, கவுன்சில் அவர்களுக்கு ஆளுக்கொரு மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டி கொடுத்தது.

மியூசியம் மேலாளர் கதிர்காமநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். கதிரையில் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"பிள்ளை, பழசை வச்சுத்தானே நாங்கள் பிழைக்கிறம். புதுசைப் பார்க்க ஆர் வருவினம்?"

"கறுத்துப்போய்க் கிடந்துச்சு, அங்கிள். பார்க்கப் பொறுக்கல."

திங்கட்கிழமை வந்த ஒரே சுற்றுலாப் பேருந்தும் ஏதோ புதுக் குடியிருப்பு என்று நினைத்துத் திரும்பிப் போயிற்று. வேலை போச்சு என்று ராதா கொஞ்சம் அழுதாள். அழுதாலும் பசிக்கத்தானே செய்யும்? சாம்பார் சாதத்தை மைக்ரோவேவில் வைத்தாள். ஜன்னலில் ஒரு தாடி தெரிந்தது. பிறகு பதினொன்று. தீயில்லாமல் சோறு சூடாவதைக் கண்டு எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

மறுநாள் நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்று, ஆளுக்கொரு கிள்ளு தங்கத்தூள் கொடுத்து மியூசியத்துக்கு டிக்கெட் வாங்கினார்கள். ராதா ஆபீஸ் ஸ்டேப்லரையும் கெட்டிலையும் காட்சிப்பொருளாகக் காட்டி விளக்கினாள். கதிர்காமநாதன் தன் வீட்டுக் குசினியிலிருந்து ரைஸ் குக்கரைத் தூக்கி வந்தார். தபால் நிலையத்துக்காரர்கள் மட்டும் ஃபேக்ஸ் மெஷினைத் தர மறுத்தார்கள். அதை இன்னும் உபயோகிக்கிறார்களாம்.

வெள்ளிக்கிழமை அவளுடைய வேலை நிரந்தரமானது. அனுபவம் என்ற கட்டத்தில் கதிர்காமநாதன் எழுதினார்: இந்தக் காலத்திலேயே பிறந்து வளர்ந்த முப்பத்துநான்கு வருட லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ். கையெழுத்துப் போட்டுவிட்டு, புளியை மட்டும் லாக்கரில் வைத்துப் பூட்டச் சொன்னார்.