வெள்ளிக்கிழமை லீவு

மகளின் தலைமுடியில் சிக்கெடுத்து, வகிடு பிரித்து, இடது பக்கம் பின்னிக் கட்டி, வலது பக்கப் பின்னலை அவர் பாதிவரை கொண்டுவந்திருந்தபோது சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"இதெல்லாம் பொம்பளைங்க பார்த்துப்பாங்க சம்பந்தி. நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க."

"இதோ, முடிஞ்சுடும்."

"ரெட்டைப் பின்னலா போடறீங்க? அவ என்ன ஸ்கூல் பிள்ளையா?"

அவருக்கு வேறு பின்னத் தெரியாது. பெண்டாட்டி இறந்த வருஷம் அவசரத்துக்குக் கற்றுக்கொண்டது அந்த ஒரே வித்தைதான். மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை தினமும் காலையில் அதே ரெட்டைப் பின்னல். ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பின்னுவார். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருப்பாள். அதட்டினால் இன்னும் கொஞ்சம் ஆட்டுவாள்.

உறவுக்காரப் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர் எழுந்து வெளியே போனார்.

சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை அவருக்கு. நீளக் கம்பியோடு திரிவதால் வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் கம்பிக்காரர். புதன்கிழமை குழிக்குள் இறங்கியிருந்தபோது போன் வந்தது. பள்ளியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த மகள் தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாளாம், அப்படியே சாய்ந்துவிட்டாளாம். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். போட்டிருந்த மஞ்சள் மேல்சட்டையோடு, மின்னும் பட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்தான். இன்று வெள்ளிக்கிழமை, அதே சட்டை. மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

வாசலில் மகளின் பள்ளித் தலைமை ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். மைக் கிடைத்தால் சமத்துவத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசக்கூடியவர்.

"ஏம்பா, அந்த வேன்ல நாற்காலி இருக்கு. இறக்கி வரிசையா போட்டுடு. பிள்ளைங்க வந்துட்டு இருக்காங்க."

கம்பிக்காரர் ஒரு நொடி நின்றார். நான் அவளோட அப்பா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

ஏனென்றால் அது மகள் மறைத்து வைத்த விஷயம். அப்படித்தான் அவர் நம்பியிருந்தார். ஆசிரியை ஆன நாளிலிருந்து உன் பள்ளிக்கூடத்தை ஒரு தடவை காட்டு என்று கேட்டுப் பார்த்துவிட்டார். "இப்ப வேணாம்பா, அப்புறம் கூட்டிட்டுப் போறேன்" என்பாள். அந்த அப்புறம் வரவேயில்லை. ஒருநாள் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய், மாப்பிள்ளையின் கோட்டை மாட்டிவிட்டுப் படம் எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தால் யாரோ பெரிய மனுஷர் நிற்கிறார். பள்ளிக்கூடத்தில் காட்டிக்கொள்ள ஒரு அப்பா தேவைப்படுகிறார்போல என்று நினைத்துக்கொண்டார். வலித்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே நின்றார். மகள் கௌரவமாக இருக்க வேண்டும் என்றுதானே அத்தனை வருஷம் குழியில் இறங்கினார்? இன்னொரு நாள் வேலையிடத்துக்கே வந்து, அவர் குழியிலிருந்து ஏறும்போது போனில் ஒரு படம் பிடித்தாள். இந்தக் கோலத்தை எதுக்குடி எடுக்கறே என்று திட்டினார். சிரித்துக்கொண்டே போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

உயிரோடு இருந்தபோது காப்பாற்றிக் கொடுத்ததை இன்றைக்குப் போய்ப் போட்டு உடைப்பதா? அவர் நாற்காலிகளை இறக்கினார். கனமாக இல்லை. கையில் ஏதாவது இருப்பது நல்லதாகவும் இருந்தது. மாப்பிள்ளை தெருமுனையில் மயான வண்டிக்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பேச முடியாமல் அடிக்கடி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மகளோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் அவரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டு, "நீங்க டீச்சருக்குச் சொந்தமா?" என்றார்.

"இல்லம்மா. வேலைக்கு வந்தேன்."

சொல்லிவிட்டு, காலி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு அடுத்த நாற்காலியை எடுக்கப் போனார்.

பள்ளிப் பேருந்து வந்தது. பிள்ளைகள் சீருடையில் சத்தமில்லாமல் இறங்கினார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் முதலில் அவரைத் தாண்டிப் போனாள். பிறகு நின்றாள். திரும்பி வந்தாள்.

"நீங்க டீச்சரோட அப்பாதானே?"

அவர் தலைமை ஆசிரியர் இருந்த பக்கம் பார்த்தார். "இல்லம்மா."

"ஆமா. எங்களுக்குத் தெரியும். படத்துல பார்த்திருக்கோம்."

"கோட்டு போட்ட படமா?"

"அதுவும் பார்த்தோம். இதுவும் பார்த்தோம்." அவள் மஞ்சள் சட்டையைக் காட்டினாள். மற்ற பிள்ளைகளும் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள்.

அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"போன வாரம் டீச்சர் ஒரு பக்கத்துக்கு மறுபக்கம் தெரியாம வகுப்புக்கு நடுவுல பீரோவைத் தள்ளி வச்சாங்க. அந்தப் பக்கம் உட்கார்ந்தவங்களுக்குக் கோட்டுப் படம். எங்க பக்கத்துக்கு இந்தப் படம். ரெண்டும் ஒரே ஆள்னு சொல்லலை. இவர் யாரு, உங்க வீட்டுக் கதவைத் தட்டினா என்ன பண்ணுவீங்க, எழுதுங்கன்னாங்க. அந்தப் பக்கம் நீதிபதி, பெரிய டாக்டர், உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்போம்னெல்லாம் எழுதியிருந்தாங்க. எங்க பக்கம்..."

"உங்க பக்கம்?"

"கதவைச் சாத்திக்குவேன்னு எழுதினேன். நான்தான்." அந்தப் பெண்ணின் உதடு கோணியது.

"அழாதம்மா. நாத்தம் வந்தா நானே சாத்திக்குவேன்" என்றார் கம்பிக்காரர். பிள்ளைகளில் ஒருத்தி சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம் எங்களை இடம் மாறி உட்காரச் சொன்னாங்க. அப்பதான் ஒரே முகம்னு தெரிஞ்சுது. டீச்சர் திட்டலை. 'ரெண்டு பேரும் எங்கப்பா. பத்தாவது முடிக்கிறவரைக்கும் எனக்குத் தலை பின்னி விட்டவர்'னு சொன்னாங்க. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வரேன், எழுதினதை அவர்கிட்டயே பேசுங்கன்னாங்க."

வெள்ளிக்கிழமை லீவு போடுப்பா என்று மகள் சொல்லியிருந்தாள். எதுக்கு என்று கேட்டதற்கு, சொன்னா நீ வரமாட்டே என்றாள். அவர் லீவு எழுதிக் கொடுத்திருந்தார். அந்த லீவில்தான் இப்போது இங்கே நிற்கிறார்.

"இத்தனை வருஷமா என்னைக் கூப்பிடவே இல்லையேம்மா" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடம் நடத்துவாங்களாம். உங்களை ஒரு தடவை ஸ்கூல்ல பார்த்துட்டா அடுத்த வருஷத்துப் பிள்ளைங்களுக்கு முகம் தெரிஞ்சுடும், பாடம் கெட்டுடும்னுதான் கூட்டிட்டு வரலையாம். நாங்க இந்த வருஷம் ரொம்பக் கெஞ்சினோம். 'பாடம் கெட்டா கெடட்டும், வேற பாடம் யோசிச்சுக்கறேன். எனக்கும் எங்கப்பாவை எல்லாருக்கும் காட்டணும்'னாங்க."

கம்பிக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருஷம் மகளைத் தப்பாக நினைத்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே. இனி யாரிடம் போய்க் கேட்பது? குழிக்குள் விஷக்காற்றில் மயங்கி விழுந்து பிழைத்தபோதுகூட அழாதவர், அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் வாய்விட்டு அழுதார்.

தலைமை ஆசிரியர் வேகமாக வந்தார். ஒரு நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டார். "நீங்க உட்காருங்க சார்" என்று கம்பிக்காரர் அதை அவர் பக்கமே நகர்த்தினார். கோபத்தில் இல்லை. அவருக்கு உட்கார நேரமில்லை.

முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் இருந்ததைப் பார்த்தார். தெருமுனையிலிருந்த வண்டி உறுமிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை அருகில் வந்து, "மாமா, நேரமாச்சாம்" என்றார்.

"ரெண்டு நிமிஷம் மாப்பிள்ளை."

உள்ளே கூட்டம் விலகி வழி விட்டது. இடது பின்னல் அவர் கட்டியபடியே இருந்தது. வலது பக்கம் முழுக்க அவிழ்ந்து தலையணையில் கிடந்தது. சம்பந்தியம்மாவே சீப்பை எடுத்து நீட்டினார்.

கம்பிக்காரர் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தார். முடியை மூன்றாகப் பிரித்து, அடியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். வாசல்வரை வந்த பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"ஆட்டாதம்மா" என்றார், பழக்கத்தில்.

வெளியே மாப்பிள்ளை வண்டிக்காரரிடம் ஏதோ சொன்னது கேட்டது. வண்டியின் சத்தம் நின்றது.