பக்கத்து சீட்டின் பிரேக்

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவன் மனைவி. எல்லோருக்கும் அவள் டீச்சர். வீட்டில் அவனுக்கும் டீச்சர்தான். வம்புக்கு ஆரம்பித்தது, வாயில் ஒட்டிக்கொண்டது.

பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தால் உள்ளே ஒரு மணி கீச்சென்று கத்தும். லைசென்ஸ் பரீட்சையில் வண்டியை நிறுத்தியது மாணவனா டீச்சரா என்று பின்சீட்டில் இருக்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக.

இன்று பின்சீட்டில் அதிகாரி இல்லை. அதைவிட மோசம். மகள் இருந்தாள். எட்டு வயது. வீட்டில் கூப்பிடுவது சுண்டு.

அப்பா ஓட்டும் வண்டியில் சுண்டு ஏறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. லைசென்ஸ் திரும்பக் கிடைத்த பிறகும் ஏறவில்லை. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. "நான் நடந்தே வரேன்" என்று பையை மாட்டிக்கொள்வாள், அவ்வளவுதான். நேற்று ஒருவழியாக இறங்கி வந்தாள். நீச்சல் குளம் வரை வருவாள். டீச்சர் வண்டியாக இருக்க வேண்டும். அந்த பிரேக்மேல் அம்மாவின் கால் இருக்க வேண்டும். ஒரு தடவை மணி அடித்தாலும் இறங்கிவிடுவாள். அப்புறம் எப்போதும் ஏற மாட்டாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் ஒரு நாள் காலையில் மேனேஜர் அவனை எல்லோர் முன்னிலும் வறுத்தெடுத்தார். அவன் வாயைத் திறக்கவில்லை. விழுங்கிக்கொண்டான். சாயங்காலம் பள்ளியிலிருந்து சுண்டுவைக் கூட்டிவரும் வழியில் ஒரு ஸ்கூட்டர்காரன் காரை உரசிக் கண்ணாடியை மடக்கினான். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். காலையிலிருந்து தொண்டையில் நின்றது கைக்கு இறங்கிவிட்டது. விரட்டிப் போய், மறித்து, இறங்கி அடித்தான். ஸ்கூட்டர்காரனுக்குத் தாடை உடைந்தது. அவன் காருக்குத் திரும்பி வந்தபோது சுண்டு முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில், தரையில் சுருண்டு கிடந்தாள்.

அன்றைக்குப் பக்கத்தில் அம்மாவும் இந்த பிரேக்கும் இருந்திருந்தால் வண்டி நின்றிருக்கும் என்பது சுண்டுவின் கணக்கு.

கோர்ட்டில் அவன் சொன்னது ஒன்றுதான். "சிரிச்சான்." கம்பி கட்டிய பல்லைத் திறக்க முடியாமல் ஸ்கூட்டர்காரன் சொன்னதும் ஒன்றுதான். மன்னிப்புக் கேட்கத்தான் சிரித்தானாம்.

அதை அவன் நம்பவில்லை. அபராதம் கட்டினான். லைசென்ஸைக் கொஞ்ச காலம் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போனான். பஸ் பிடித்து வேலைக்குப் போனான். டீச்சர் மட்டும் அந்த ஆளை வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் போகவில்லை. நக்கல் சிரிப்பு எதுவென்று தெரியாதா அவனுக்கு?

"பெல்ட் போட்டாச்சா?" என்றான்.

"போட்டாச்சு. பேசாத. ரோட்டைப் பாரு," என்றாள் சுண்டு.

"பாத்தியா டீச்சர், உன்னைவிடக் கண்டிப்பு."

"கண்ணாடி பாருங்க, இண்டிகேட்டர் போடுங்க. அப்புறம் வாயடிக்கலாம்."

வண்டி வெயிலில் இறங்கியது. முதல் சிக்னல் தாண்டியது. ஒரு பஸ் முன்னால் நுழைந்தது, வழி விட்டான். யாரோ ஹாரன் அடித்தார்கள், அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டான். மனசு லேசாகிக்கொண்டு வந்தது.

"லிஃப்டுல இந்தத் தொல்லையே இல்ல. மேல, கீழ. யாரும் ஓவர்டேக் பண்றதில்ல."

"நடுவுல நின்னுடும்," என்றாள் சுண்டு.

"நான் ரிப்பேர் பண்ணினது நிக்காது."

"பேசாதன்னேன்ல?"

குரலில் சிரிப்பு இருந்தது மாதிரி பட்டது. நிஜமாகவே சிரிக்கிறாளா என்று மேல் கண்ணாடியில் பார்த்தான். அந்த ஒரு பார்வை போதும். மரச்சாமான் கடை முன்னால் நின்றிருந்த வேனின் பக்கக் கண்ணாடியில் டப்பென்று இடித்தது.

பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது.

வேன்காரன் தூக்கி வந்த பெட்டியை நடுரோட்டில் போட்டுவிட்டு வந்தான். நல்ல வாட்டசாட்டம். சட்டை முழுக்க வேர்வை. கூரைமேல் இருந்த பயிற்சி போர்டைப் பார்த்தான்.

"யோவ்! கண்ணு பொடனியிலயா இருக்கு? பல்லு போற வயசுல வண்டி கத்துக்க வந்துட்டியா?"

அவனுக்குக் காது சுட்டது. மேல் கண்ணாடியில் சுண்டுவின் தலையைக் காணோம். பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தரைக்குப் போயிருந்தாள்.

ஜன்னலை இறக்கினான். மன்னிப்புக் கேட்கப் போனான். வாய் தானாகவே இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டது.

"சிரிக்கிறியா?" வேன்காரன் கதவைப் பிடித்தான். "என்னைப் பாத்தா சிரிப்பு வருதா உனக்கு?"

தன் முகத்தில் இழுத்துக்கொண்ட இந்த வாயை அவன் முன்பே பார்த்திருக்கிறான். ஸ்கூட்டர்மேல்.

"சிரிக்கலைங்க," என்றான் அவசரமாக. "பயந்தா மூஞ்சி இப்படிப் போயிடுது. தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க."

வேன்காரன் அவனை உற்றுப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன. இவனையும் காலையில் யாரோ வறுத்தெடுத்திருக்க வேண்டும். கதவைப் பிடித்த கை அப்படியே இருந்தது. பிறகு பக்கத்து சீட்டைப் பார்த்தான்.

"எவ்ளோ நாளாம்மா கத்துக்கிறாரு?"

"ஒரு வருஷமாச்சு," என்றாள் டீச்சர். "மெதுவாத்தான் ஏறுது."

வேன்காரன் பக்கென்று சிரித்துவிட்டான். கதவிலிருந்து கையை எடுத்தான். மடங்கிய தன் கண்ணாடியைத் தட்டி நிமிர்த்தினான். "உடையல. பாத்துப் போங்கண்ணே," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவன் ஜன்னலை ஏற்றினான்.

"மணி அடிக்கல," என்றது தரையிலிருந்து ஒரு குரல். சுண்டுவின் தலை மெல்ல மேலே வந்தது. "அம்மா, நீ மிதிக்கலையா?"

"மிதிக்கப் போனேன். அதுக்குள்ள அப்பாவே நிறுத்திட்டாரு."

சுண்டு யோசித்தாள். சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட் க்ளிக் என்று விழுந்தது.

"ஆனா இடிச்ச."

"இடிச்சேன்."

"என்னைப் பாக்காத. ரோட்டைப் பாரு. போ."

அவன் ரோட்டைப் பார்த்தான். வண்டியை நகர்த்தினான். வெயில் நன்றாக இருந்தது.

"டீச்சர், அந்த ஸ்கூட்டர்காரர் வீடு உனக்குத் தெரியுமில்ல?"

அவரை அவன் மரியாதையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும்."

"நீச்சல் முடிஞ்சதும் ஒரு எட்டு போயிட்டு வரலாமா?"

"போலாம்," என்றாள். "முதல்ல இண்டிகேட்டர் போடுங்க."