எதிர்க்கதை

பெனாயூன் கிழவருக்கு ஏன் கோபம் வருகிறது என்பது நிருஷாவுக்குப் பிடிபடவே இல்லை. காலையில் நல்ல முகத்தோடுதான் எழும்புவார். பாணும் தேநீரும் வந்ததும் யூதச் சட்ட விவாதங்கள் அடங்கிய தடித்த புத்தகத்தை விரிப்பார். ஒரு வரியைப் பழைய மொழியில் வாசித்து, பிரெஞ்சில் அவளுக்கு விளக்குவார். பராமரிக்க வந்தவள்தானே என்று பாராமல் அவளை எதிரே இருத்துவார். அவளும் பணிவாகத் தலையாட்டுவாள். சற்று நேரத்தில் அவர் முகம் கறுத்துவிடும். புத்தகத்தை மூடினால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார்.

நேற்றுத் தேநீர்க் கோப்பை சுவரில் பட்டுச் சிதறியது. மகள் றொக்சன் வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் அப்பாவை முதியோர் இல்லத்தில் விடுவதைத் தவிர வழியில்லை என்றாள்.

மாலை வேலைக்கு வந்த ஜெகதீஸ்வரி அந்த வீட்டில் பழைய ஆள். அவளிடம் நிருஷா அழாக்குறையாகச் சொன்னாள்.

"நான் என்னக்கா பிழை விட்டனான்? மனிசன் சொல்லுறதுக்கெல்லாம் ஓம், ஓம் எண்டுதானே இருக்கிறன்."

"காலமை உன்ர மூஞ்சியைப் பாத்தா ஆருக்கடி சாப்பாடு இறங்கும்?" ஜெகதீஸ்வரி சிரித்தாள். "கீழ் வீட்டில இருக்கிற மேயர் எண்ட கிழவரைக் கேளன். முந்தி அவர்தானே கூட இருந்து படிச்சவர்."

மேயர் கதவைப் பாதிதான் திறந்தார். ஆனால் படிப்பைப் பற்றிக் கேட்டதும் பேச்சு நிற்கவில்லை. இதைத் தனியாகப் படிப்பதில்லை என்றார். இருவர் இருப்பார்கள். ஒருவர் பொருள் சொல்வார், மற்றவர் அதை உடைப்பார், சொன்னவர் முட்டுக்கொடுப்பார். அத்தனைக்கும் பிறகு எது நிற்கிறதோ அதுதான் அன்றைய பாடம். ஒரு நிபந்தனை உண்டு: உடைப்பதற்கு முன்னால் மற்றவரின் வாதத்தை அவரைவிட நன்றாக எடுத்துச் சொல்லவேண்டும். அவர்கள் பணிவு என்பது அதைத்தான்; தலைகுனிவதை அல்ல.

"தலையாட்டுகிறவன் எதற்கு? அதற்குக் கண்ணாடி போதும்" என்றார்.

"அப்படியானால் நீங்கள் ஏன் வருவதில்லை?"

"பணிவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், ஜெப ஆலயத்தில் எல்லார் முன்னாலும் பெனாயூன் சொன்னான்: 'பணிவில் மேயரை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை. மேயரே எனக்குச் சொன்னார்.' எல்லாரும் சிரித்தார்கள்."

"பகிடிதானே!"

"அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும்."

"அவருக்கு மறதி நோய். அது நினைவிலேயே இல்லை."

"எனக்கு இருக்கிறது." கதவு மூடியது.

மறுநாள் கிழவர் இரவல் விளக்கைப் பற்றி வாசித்தார். விளக்கு உடைந்தால் இரவல் வாங்கியவனே பொறுப்பு என்றார். நிருஷாவின் தலை தானாக அசையப் போனது. இதே நகரத்தில், வில்லரேயில் வளர்ந்தவள்தான், ஆனாலும் வயதானவரின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது அவள் வீட்டில் இல்லாத பழக்கம். தலையை நிறுத்திக்கொண்டாள்.

"இல்லை. கொடுக்கும்போதே விளக்கில் வெடிப்பு இருந்திருந்தால்?"

கிழவர் நிமிர்ந்தார். மேசையில் ஓங்கித் தட்டினார்.

"அதாவது, வெடித்த விளக்கைக் கொடுத்தவன் அதன் உடைவையும் சேர்த்தே கொடுத்துவிட்டான் என்கிறாய். அருமையான வாதம். ஆனால் பிழை, மேயர்! எப்போதும் போலப் பிழை!"

பாணைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

நிருஷா அவரைத் திருத்தவில்லை. மதியம் கீழே இறங்கிப்போய் மேயரிடம் சொன்னாள், அவர் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார் என்று.

"நான்தான் அங்கே இருக்கிறேனே" என்றார் மேயர். "பிறகு எதற்கு நான் வரவேண்டும்?"

மாலையில் வெறும் தட்டைப் பார்த்து ஜெகதீஸ்வரி வாயைப் பிளந்தாள். "என்னடி மருந்து குடுத்தனி?"

"தலையாட்டக் கூடாதக்கா. அவர் ஒண்டு சொன்னா, இல்லை எண்டு சொல்லவேணும். ஏனெண்டும் சொல்லவேணும். அவர் மறுத்தா, அதுக்கும் இல்லை எண்டு சொல்லவேணும். மேயர் எண்டு கூப்பிட்டா, என்ன எண்டு கேக்கவேணும்."