மூன்று மாதப் பச்சை

பீளமேட்டில், தோட்டத்து மோட்டார்களைக் கைபேசியிலிருந்து இயக்கும் மென்பொருள் செய்கிற கம்பெனியில் மானசா டீம் லீடர். யார் புதிதாக நிரல் எழுதிச் சேர்த்தாலும் உடனே சோதித்து, சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு காட்டுகிற சர்வர் ஒன்று ஆபீசில் இருந்தது. அதையே வைத்துக்கொள்வதா, இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் புதியதற்கு மாறுவதா என்று பேச்சு வந்தது.

பழையதற்குப் பரிந்து பேசியவர் சரவணன். ஐந்து வருடமாக அதைக் கட்டி மேய்ப்பவர். ஆயுத பூஜைக்கு அதற்கென்று தனி மாலை வாங்குபவர். புதியதைக் கேட்டவள், போன வருடம் சேர்ந்த தேஜஸ்ரீ.

"ரெண்டுலயும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க அம்மணி. எது தேவலையோ, அதை வெச்சுக்கலாம்," என்று முதலாளி வெங்கடபதி மானசாவிடம் விட்டுவிட்டார்.

பழையது நாலே நிமிடத்தில் பச்சை காட்டியது. புதியதற்குப் பதினேழு நிமிடம். சரவணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வியாழக்கிழமை ஒரே நிரலுக்குப் பழையது பச்சை, புதியது சிவப்பு.

"புதுசுக்கு நம்மூருத் தண்ணி ஒத்துக்கல போலிருக்குதுங்க," என்றார் சரவணன்.

தேஜஸ்ரீயின் முகம் சுண்டிப்போனது. "அது சும்மா செவப்பு காட்டாதுங்க அக்கா. ஒருக்கா என்னன்னு பாருங்க."

மானசா பார்த்தாள். கரண்ட் போய் வந்தால் மோட்டாரை நிறுத்தும் நேரம் மறந்துபோகிறது என்றிருந்தது. சோதித்துப் பார்க்க மேசையில் வைத்திருந்த மோட்டார் கருவியில் அந்த நிரலை ஏற்றி, பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். நிற்க வேண்டிய நேரம் தாண்டியும் அது ஓடிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை இந்த நிரல்தான் வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவதாக இருந்தது.

பழையது ஏன் கண்டுபிடிக்கவில்லை? அதன் அமைப்புகளைத் திறந்தாள். மூன்று மாதமாகச் சோதனைகளே அணைந்து கிடந்தன. அணைத்தவர் பெயர்: மானசா.

மேட்டுப்பாளையத்தில் ஒரு டெமோவுக்கு அவசரமாகக் கிளம்பிய நாள் அது. சோதனை முடியும்வரை காத்திருக்க நேரமில்லாமல், திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம் என்று அணைத்தவள், அப்படியே மறந்துவிட்டாள்.

யாரும் பார்க்கவில்லை, ஒரே ஒரு கிளிக்கில் திரும்பப் போட்டுவிட்டால் போதும், தன் தவறு வெளியே தெரியாது. மவுஸை அங்கே கொண்டுபோனாள். பின்னாலிருந்து சரவணனின் குரல் கேட்டது. "ஏனுங்க, நம்மாளு ஜெயிச்சாச்சுங்களா?"

அவர் முகத்தில் அத்தனை ஆசை. மானசா கையை எடுத்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டாள்.

"பழசு மேல தப்பில்லைங்க. நாந்தான் டெஸ்ட்டையெல்லாம் நிறுத்திப்போட்டேன். சோதிக்காமலே பச்சை காட்டிட்டு இருந்திருக்குது."

சரவணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணு மாசமா ஒரு தப்புகூட இல்லாம எழுதறேன்னு ஊட்ல சொல்லிப்போட்டேனுங்களே!"

வெங்கடபதி சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. சோதனைகளைப் போட்டு ஓட்டியதும் பழையதும் சிவப்பு காட்டியது, பத்தொன்பது நிமிடத்தில்.

"புதுசுல ரெண்டு பேரு சரின்னாத்தான் எதையும் அணைக்க முடியற மாதிரி வெச்சிருக்கறனுங்க," என்றாள் தேஜஸ்ரீ மெதுவாக.

"அப்ப புதுசுதான். மானசா மாதிரி ஆளுக இருக்கற ஆபீசுக்கு அது வேணும்," என்றார் வெங்கடபதி. மானசாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் சிரிப்பு வந்தது.

சரவணன் சாயங்கால டீயைக் குடித்து முடித்தார். அப்புறம் தேஜஸ்ரீயின் மேசைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனம்மணி, அந்தப் புதுசுக்குள்ள எப்படிப் போறதுன்னு கொஞ்சம் காட்டுங்க."